வளையைச் சுமக்கும் வாழ்வு: துறவி நண்டின் வரலாறு

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த காலத்தை அறிந்த முதியோர் இன்றும் உளர். நெல்வயலின் வரப்பெங்கும் நண்டு வளைகள் நிறைந்திருந்ததையும், அவற்றின் வழியே நீர் கசிந்து வரப்பு உடையாதபடி உழவர் சேறு குழைத்து அடைத்ததையும் அவர்கள் சொல்லக் கேட்கலாம். 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை தோன்றியது. 1965-இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் டாங்கி வெளிவந்தது. வேலை தேடி வந்தோர் குடியேறினர், வயல்கள் மனைகளாயின, வரப்போடு வளைகளும் மறைந்தன. வளையை இழந்த வயல் நண்டு எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

'வளை' என்னும் சொல் எண்ணிப் பார்க்கத்தக்கது. நண்டும் எலியும் தோண்டி வாழும் பொந்து வளை எனப்படும். கடலில் பிறக்கும் சங்கும் வளை எனப்படும். அச்சங்கை அறுத்து மகளிர் கைக்கு அணியாக்கியதும் வளையே. பொந்து ஒன்று, சங்கு ஒன்று, அணி ஒன்று என மூன்றையும் ஒரு சொல்லால் குறித்தது தமிழ். வளைந்திருக்கும் தன்மையே இம்மூன்றிற்கும் பொது. ஆயினும், பொந்தாகிய வளையும் சங்காகிய வளையும் உண்மையிலேயே ஒன்றாகிவிட்ட ஓர் உயிர் தமிழகக் கடற்கரையில் வாழ்கின்றது. சங்கையே தன் பொந்தாகக் கொண்டு, அதை முதுகில் சுமந்து திரியும் அந்நண்டைத் 'துறவி நண்டு' என்றும் 'முனிவர் நண்டு' என்றும் இக்காலத்தார் வழங்குகின்றனர். அதன் பெயர் வந்த வழியையும், அதனைத் தமிழகக் கரையில் ஆராய்ந்தோர் வரலாற்றையும், வீடு மாற்றி வாழும் அதன் முறையையும், இன்று அதற்கு நேர்ந்துள்ள இடரையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழில் நண்டு

நண்டிற்குத் தமிழில் பெயர்கள் பல. அலவன், ஞெண்டு, நள்ளி, கள்வன் என்பன அவற்றுட் சில. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியைப் பாடிய ஓரம்போகியார் பத்துப் பாடல்களில் நண்டை அமைத்துப் பாடினார். அப்பகுதிக்குக் 'கள்வன் பத்து' என்பதே பெயர். வேப்ப மொட்டைப் போன்ற கண்ணும், மண்ணில் அமைந்த அளையும் அங்கே காட்சியாகின்றன. இது மருத நிலத்து வயல் நண்டு. நெய்தல் நிலத்திலோ மகளிர் மணலில் நண்டைத் துரத்தி விளையாடும் 'அலவனாட்டல்' பேசப்படுகின்றது. அது மணலில் அளை தோண்டி, ஆளரவம் கேட்டவுடன் விரைந்து மறையும் கரை நண்டு. வயலிலும் கரையிலும் புலவர் கண்ட நண்டுகள் தம் வளையைத் தாமே தோண்டிக்கொள்பவை.

உயிர்களை அறிவின் வகையால் பகுத்த தொல்காப்பிய மரபியலை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். தொடுஉணர்வு மட்டும் உடையன ஓரறிவுயிர். அதனோடு சுவையும் உடையன ஈரறிவுயிர் என அவ்வரிசை மேலே செல்கின்றது. சங்கும் நத்தையும் உள்ளிட்ட 'நந்து' ஈரறிவுயிராகக் கூறப்பட்டது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காண்டல் ஆகிய நான்கும் உடைய உயிராக நண்டு வைக்கப்பட்டது. இப்பகுப்பின்படி நோக்கினால், ஈரறிவுயிர் கட்டி விட்டுச்சென்ற வீட்டில் நான்கறிவுயிர் குடியிருப்பதே துறவி நண்டின் வாழ்க்கையாகும். அந்நான்கு அறிவுகளையும் அது வீடு தேடும் தொழிலில் எவ்வாறு பயன்படுத்துகின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கடல் நின்ற நிலம்

கடலுக்கும் பூவிருந்தவல்லிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். பூவிருந்தவல்லியிலிருந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வரும். அவ்வூரின் பெயராலேயே வழங்கும் படிவப் பாறைகள் நிலநூலார் நன்கறிந்தவை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அப்பாறைகளில் இலை தழைகளின் அச்சுகளோடு கடல்வாழ் உயிர்களின் அச்சுகளும் காணப்படுகின்றன. அம்மோனைட்டு எனப்படும் சுருள் ஓட்டுயிரும் அவற்றுள் ஒன்று. இன்று பேருந்தும் சரக்கு வண்டியும் விரையும் நிலத்தில் அன்று கடல் நின்றது என்பதற்கு அவை சான்றாகும்.

அதே ஊழியைச் சார்ந்த பாறையில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஸ்பீட்டன் என்னுமிடத்தில், அம்மோனைட்டு ஓட்டின் உள்ளே குடியிருந்த நிலையிலேயே கல்லாய்ப்போன துறவி நண்டு ஒன்று கிடைத்தது. இச்செய்தி 2003-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நத்தை ஓட்டில் வாழும் வழக்கம் பெருகுமுன்னரே, அம்மோனைட்டின் ஓட்டை இந்நண்டினம் வீடாகக் கொண்டிருந்தது. பின்னர் அம்மோனைட்டு இனம் உலகிலிருந்தே அழிந்தது. துறவி நண்டு அழியவில்லை. ஒரு வகை வீடு இல்லாமற்போன காலத்தில் வேறு வகை வீட்டை அது கைக்கொண்டது. மாறிய உலகுக்குத் தன்னை ஏற்பப் பொருத்திக்கொள்ளும் அதன் ஆற்றலுக்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

பெயர்கள் வந்த வழி

மேலைநாட்டில் இந்நண்டைக் கூர்ந்து நோக்கி எழுதியவர்களுள் முதல்வராகக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலைக் கூறலாம். ஓட்டினுள் வாழும் சிறு நண்டு, தான் வளர்ந்தவுடன் பழைய ஓட்டை விட்டுப் பெரிய ஓட்டுக்குள் புகுகின்றது என்பதை அவர் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தார். தனியே ஒரு குகையில் அடங்கியிருக்கும் துறவியைப் போன்ற அதன் தோற்றத்தைக் கொண்டு ஐரோப்பிய மொழிகள் பலவும் அதற்குத் துறவிப் பெயர் சூட்டின. நம் பாடநூல்களின் 'துறவி நண்டு' அப்பெயரின் வழிவந்ததே.

அறிவியற் பெயர் சூட்டப்பட்ட கதையில் தமிழகக் கரைக்கும் பங்குண்டு. 1771-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து, 1813-இல் மறையும் வரை அங்கேயே பணியாற்றிய கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் சமயத் தொண்டர், கடலோரத்தில் கிடைத்த சங்கு, சிப்பி, நண்டு முதலியவற்றைச் சேகரித்து ஐரோப்பிய இயற்கை நூலார்க்கு அனுப்பிவந்தார். பெர்லின் நகரத்தில் வாழ்ந்த ஹெர்ப்ஸ்ட் என்பாரும் அவ்வாறு பெற்றவருள் ஒருவர். நண்டுகளைப் பற்றி ஹெர்ப்ஸ்ட் 1782 முதல் 1804 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூல் இன்றளவும் ஆய்வாளர் புரட்டும் நூலாகும். நம் கடலின் துறவி நண்டுகள் சிலவற்றின் பெயருக்குப் பின்னால் இன்றும் அவர் பெயர் நிற்கின்றது.

அப்பெயர்களின் பொருளை நோக்கினால் வியப்புத் தோன்றும். இந்தியக் கடற்கரையில் மிகுதியாகக் காணப்படும் ஒரு பேரினத்திற்கு 'டயோஜெனிஸ்' என்பது பெயர். உடைமை யாதும் வேண்டாமென்று ஒரு பெருந்தாழியையே வீடாகக் கொண்டு வாழ்ந்த கிரேக்க ஞானி டயோஜெனிஸ். வெயில் மறையாதபடி சற்றே விலகி நில்லும் என்று பேரரசன் அலெக்சாந்தரிடம் கூறியவராக அவரை உலகம் நினைவில் வைத்திருக்கின்றது. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய பேரினத்தின் உட்பிரிவுகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களோ வேறு. ஒன்று 'மைல்ஸ்', அதாவது போர்வீரன். மற்றொன்று 'கஸ்டாஸ்', அதாவது காவலன். இன்னொன்று 'அவேரஸ்', அதாவது உலோபி. துறவி ஒருவன் பெயரின் கீழ் வீரனும் காவலனும் உலோபியும் வரிசையாக நிற்கின்றனர். ஒரே உயிரைக் கண்ட பலர் பலவாறு எண்ணியதன் விளைவு இது.

நிலத்தில் வாழப் பழகிய துறவி நண்டுகளுக்குப் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் 1829-இல் 'சினோபிட்டா' என்று பெயரிட்டார். தனித்து வாழும் துறவியை அச்சொல் குறிப்பதன்று. மடத்தில் கூடி வாழும் துறவியையே குறிக்கும். இவ்வினத்தின் உறவினனாகிய பெரிய தென்னை நண்டிற்கு லின்னேயஸ் 1767-இல் கொடுத்த பெயர் 'லாட்ரோ'. அதன் பொருள் கள்வன் என்பதாகும். நண்டைக் கள்வன் என்று அழைத்த பழந்தமிழர்க்கும் லின்னேயசுக்கும் இடையே எத்தொடர்பும் இல்லை. எனினும் சொல் ஒன்றாயிற்று.

சென்னையில் வளர்ந்த ஆய்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாய்வின் நடுவிடம் சென்னை நகரமாயிற்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், தூத்துக்குடி, இராமேசுவரம் பகுதிகளுக்குச் சென்று முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, கடல்வாழ் உயிர்கள் ஆகியவற்றைப் பற்றி 1890-இல் குறிப்புகள் வெளியிட்டார். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தொகுதிகளால் மட்டும் அவரை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

அவர் காலத்திலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக விளங்கியவர் ஜே. ஆர். ஹெண்டர்சன். அக்கல்லூரி அப்பொழுது தாம்பரத்தில் இல்லை. நகரின் நடுவே ஜார்ஜ் டவுனில் இருந்தது. உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'சேலஞ்சர்' கப்பலின் சேகரிப்பிலிருந்த துறவி நண்டு முதலியவற்றை ஆராய்ந்து 1888-இல் அறிக்கை எழுதிய ஹெண்டர்சனுக்குச் சென்னைக் கடற்கரை இயல்பாகவே ஆய்வுக்கூடமாயிற்று. இந்திய நண்டினங்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1893-இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. டயோஜெனிஸ் பேரினத்தில் பிளானிமானஸ், காஸ்டேட்டஸ், வயலேசியஸ் என்னும் மூன்று பெயர்கள் அக்கட்டுரையின் வழியே உலகிற்குத் தெரிந்தவை. பிற்காலத்தில் ஹெண்டர்சன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பையும் ஏற்றார். 1905-இல் கல்கத்தா அருங்காட்சியகத்தின் சார்பில் ஆல்காக் வெளியிட்ட துறவி நண்டுகளின் பட்டியல் இந்திய அளவில் இத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று.

அடுத்த கட்டம் மன்னார் வளைகுடாவில் அமைந்தது. பாம்பனை அடுத்துள்ள குருசடைத் தீவின் கரைவாழ் உயிர்களைப் பற்றிய தொகுதி 1927-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. கண்காணிப்பாளர் கிரேவ்லியின் முயற்சியால் உருவான அத்தொகுதி, இத்தீவைக் கல்லூரி மாணவர் தம் கல்விச் சுற்றுலாவில் தவறாது காணும் இடமாக்கிற்று. விடுதலைக்குப் பின்னர் ஆய்வைத் தம் கையில் எடுத்துக்கொண்டோர் இந்நாட்டு அறிஞரே. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் பணியாற்றிய எஸ். அஜ்மல்கான், ஆர். நடராசன் இருவரும் அவ்வூர்க் கரையின் துறவி நண்டுகளைத் தொகுத்து எழுதிய ஆய்வு 1984-இல் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் வெளியீடாக வந்தது. தரங்கம்பாடியிலிருந்து பெட்டியில் அடைத்துப் பெர்லினுக்கு அனுப்பப்பட்ட உயிர், இரு நூற்றாண்டுகளுக்குப் பின், அக்கரைக்கு அணித்தான ஊரிலேயே ஆராயப்பெற்றது என்பது நினைத்து மகிழத்தக்கது.

வீடு மாற்றும் வாழ்க்கை

இனி இந்நண்டின் வாழ்வை நோக்குவோம். மற்ற நண்டுகளின் உடல் முழுவதும் கடினமான ஓட்டால் மூடப்பட்டிருக்கும். துறவி நண்டிற்கோ முன்பாதி மட்டுமே கவசம் உடையது, பின்பாதி மென்மையானது. அம்மென்பகுதி நேராக அமையாமல், நத்தை ஓட்டின் உட்சுருளுக்கு ஏற்ப ஒருபுறமாகச் சுருண்டிருக்கும். வாலின் நுனியிலுள்ள உறுப்பு கொக்கிபோல் ஓட்டின் நடுத்தண்டைப் பற்றிக்கொள்ளும். கால்கள் ஐந்து இணையுள் முன்னிணை கொடுக்காகும். அடுத்த இரண்டு இணைகள் நடப்பதற்கு உரியன. கடைசி இரண்டு இணைகளும் மிகச் சிறுத்து, ஓட்டை உள்ளிருந்து தாங்கும் தொழிலைச் செய்கின்றன. பகை வந்தால் உடல் முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டு பெரிய கொடுக்கால் வாயிலை அடைத்துவிடும். டயோஜெனிஸ் பேரினத்தில் இடக்கொடுக்கே பெரியது. வேறு சில இனங்களில் வலக்கொடுக்குப் பெரியது.

பிறப்பில் இதற்கு வீடில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய இளவுயிரி கடல் நீரில் மிதந்து திரியும். பலமுறை சட்டை உரித்து உருமாறிய பின்னரே கடலடிக்கு வந்து, கடுகளவான ஓடு ஒன்றைத் தேடிப் புகும். அன்று தொடங்குவது வாழ்நாள் முழுவதும் ஓயாத வீடு தேடலாகும். உடல் வளர்கின்றது, ஓடு வளர்வதில்லை. சிறிய ஓட்டில் நெருக்குண்டு கிடக்கும் நண்டு வளர்ச்சி குன்றும், முட்டையும் குறையும், பகைக்கும் எளிதில் இரையாகும். மிகப் பெரிய ஓடோ சுமையாகும். ஆதலின் அளவறிந்து வீடு கொள்ளுதலே அதற்கு வாழ்வாகின்றது.

ஓடு ஒன்றைக் கண்டவுடன் நண்டு அதில் புகுந்துவிடுவதில்லை. முதலில் கண்ணால் நோக்கும். உணர்கொம்பால் முகரும். கொடுக்கால் புறத்தைத் தடவிப் பார்க்கும். வாயிலுள் விட்டு உள்ளிடத்தை அளக்கும். உருட்டிப் பார்த்து எடையறியும். மனநிறைவு ஏற்பட்டால் ஒரு நொடியில் பழைய ஓட்டிலிருந்து மென்னுடலை உருவிப் புதிய ஓட்டினுள் செலுத்திவிடும். அந்த ஒரு நொடிதான் அதன் வாழ்வில் ஒளிவு மறைவற்ற நொடி. இடர் மிக்கதும் அதுவே. நத்தை எங்கேனும் பகையால் கொல்லப்பட்டால் அந்நீரில் பரவும் மணத்தை அறிந்து நண்டுகள் அவ்விடத்தை நாடுகின்றன. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காண்டல் எனத் தொல்காப்பியம் நண்டிற்கு வகுத்தளித்த நால்வகை அறிவும் இங்கே ஒரு தொழிலில் ஒன்றுபடுவதைக் காணலாம்.

காலியான ஓடு கிட்டாதபோது போரும் உண்டு. வலிய நண்டு தன் ஓட்டை மெலிய நண்டின் ஓட்டின்மேல் அடுத்தடுத்து மோதும். அதிர்ச்சி தாங்காது மெலியது வெளியேறினால் வலியது உள்ளே புகும். மெலியது எஞ்சிய ஓட்டை ஏற்கும். போர்வீரன் என்று பெயரிட்டவர் கண்டது இக்காட்சியாக இருத்தல் கூடும்.

எனினும் போரைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. ஓர் ஓடு காலியானால் அதனால் பயன் பெறுவது ஒரு நண்டு மட்டும் அன்று. பெரிய நண்டு அதில் புக, அது விட்ட ஓட்டில் இடைப்பட்டது புக, அது விட்டதில் சிறியது புக, இறுதியில் எவர்க்கும் வேண்டாத சிற்றோடு ஒன்றே எஞ்சும். இதனைக் 'காலியிடச் சங்கிலி' என்பர். இக்கருத்து முதலில் எழுந்தது மனித வாழ்வில். 1970-இல் ஹாரிசன் ஒயிட் என்னும் அமெரிக்கச் சமூகவியலார், பாதிரிமார் பணியிடம் மாறுவதை ஆராய்ந்து இதனை விளக்கினார். அதனைத் துறவி நண்டுகளிடம் பொருத்திக் காட்டியவர் இவான் சேஸ் என்பவர். கரிபியக் கடலை ஒட்டிய பெலீஸ் நாட்டில் நில நண்டுகளை ஆராய்ந்தோர் 2010-இல் இன்னொரு வியப்பையும் வெளியிட்டனர். பெரிய ஓடு ஒன்றின் அருகே நண்டுகள் கூடி, பெரியதிலிருந்து சிறியது வரை அளவு வரிசையில் ஒன்றையொன்று பற்றி நின்று, உரிய நேரத்தில் ஒரே வீச்சில் அனைத்தும் வீடு மாறின.

அம்பத்தூர் போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தொழிலாளர் குடும்பம் ஒன்று சொந்த வீடு கட்டிப் போனால், அது விட்ட வாடகைப் பகுதிக்குப் பிள்ளைகள் பெருகிய குடும்பம் வரும். அது விட்ட ஓரறைக்குப் புதுமணத் தம்பதியர் வருவர். அவர்கள் விட்ட மாடி அறைக்கு ஊரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞன் வருவான். ஒரு கதவு திறந்தால் நான்கு கதவுகள் திறக்கும்.

நில நண்டுகளைப் பற்றி 2012-இல் மார்க் லெய்ட்ர் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமானது. நிலத்தில் வாழும் துறவி நண்டு தன் ஓட்டின் உட்புறத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, நடுத்தண்டை நீக்கி, இடத்தை விரிவாக்குகின்றது. அதனால் ஓடு எடை குறைந்து இடம் மிகுகின்றது. அவ்வாறு செப்பமான ஓடு ஒரு நண்டோடு முடிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல நண்டுகளின் உடைமையாகின்றது. நத்தையிடமிருந்து நேரே வந்த புதிய ஓட்டைவிட, முன்னோர் வாழ்ந்து குடைந்த பழைய ஓட்டையே வளர்ந்த நண்டுகள் விரும்புகின்றன. அந்நண்டினம் வாழ்வது தன் இனத்தார் விட்டுச்சென்ற மரபுச் செல்வத்தில் எனலாம். கூடி வாழும் துறவி என்று லத்ரேய் வைத்த பெயர் அவர் எண்ணியதைவிடப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

வீட்டின் கூரையில் விருந்தினரை வைத்துக்கொள்ளும் இனங்களும் உண்டு. டார்டானஸ் பேரினத்தைச் சார்ந்த சில நண்டுகள் கடற்சாமந்தியைத் தம் ஓட்டின்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். கடற்சாமந்தியின் கொட்டும் இழைகள் நண்டைப் பகையிடமிருந்து காக்கும். நண்டின் உணவில் சிந்தியது கடற்சாமந்திக்கு ஆகும். வீடு மாறும்பொழுது நண்டு அதனைப் பெயர்த்தெடுத்துப் புதிய ஓட்டின்மேல் வைத்துச் செல்லும். நிக்கோபார் முதலிய தீவுகளில் வாழும் தென்னை நண்டோ இளமையில் மட்டும் ஓட்டைச் சுமந்து, பின்னர்த் தன் உடலே கடினமாகியவுடன் அதனைத் துறந்துவிடும். கள்வன் என்று பெயர் பெற்றதே வீட்டைத் துறப்பதும், துறவி என்று பெயர் பெற்றது இறுதிவரை வீட்டை விடாதிருப்பதும் பெயரிட்டோர் எண்ணாதவை.

ஓடு குறைந்த கரை

இவ்வளவு ஏற்பமைவு உடைய உயிர்க்கும் ஓர் எல்லை உண்டு. ஓட்டை அதனால் உண்டாக்க இயலாது. நத்தையோ சங்கோ வாழ்ந்து மறைந்து, அதன் ஓடு கரையில் கிடந்தால்தான் நண்டிற்கு வீடு. கரையில் கிடக்கும் காலி ஓட்டை எவர்க்கும் உரிமையில்லாப் பொருளென்றே மனிதர் எண்ணுகின்றனர். அது அடுத்த குடிக்கு உரிய வீடு.

கடலோட்டை மனிதர் எடுப்பது புதிதன்று. கொற்கை முதலிய இடங்களின் அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்துள்ளன. சென்னையின் பழைய கட்டடங்களில் பளிங்குபோல் மின்னும் வெண்பூச்சு, கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பால் ஆனது. 1878-இல் பக்கிங்காம் பெயர் பெற்ற கால்வாயில் விறகும் உப்பும் வந்த படகுகளில் கிளிஞ்சலும் வந்தது. எனினும் நேர்மையாக ஒன்று கூறல் வேண்டும். சுண்ணாம்புக்குப் பெரும்பாலும் எரிந்தவை இருபுறம் திறக்கும் சிப்பிகள். அவை துறவி நண்டிற்கு வீடாகா. பழைய சூளைகளின்மேல் எல்லாப் பழியையும் ஏற்றுதல் பொருந்தாது.

இன்றைய இழப்பு வேறு வகையது. இராமேசுவரம், கன்னியாகுமரி, மாமல்லபுரம் எங்கும் கடைகளில் குவிந்திருப்பவை சுருள் ஓடுகள். நண்டு விரும்புவனவும் அவையே. கரையில் நடப்போர் குனிந்து பொறுக்குபவையும் உடையாத, அழகிய ஓடுகளே. ஒருவர் எடுப்பது ஒன்றிரண்டு, எடுப்போரோ இலட்சக்கணக்கினர். ஸ்பெயின் நாட்டின் கடற்கரை ஒன்றில் முப்பது ஆண்டு இடைவெளியில் ஓடுகளை எண்ணிப் பார்த்தோர் 2014-இல் முடிவை வெளியிட்டனர். சுற்றுலாப் பயணியர் தொகை ஏறத்தாழ மூன்று மடங்கு உயர்ந்த அக்காலத்தில், கரையில் கிடந்த ஓடுகள் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டன.

ஓட்டின் இடத்தை இன்று நெகிழி பிடித்துக்கொண்டது. புட்டி மூடி, குழாய்த்துண்டு, உடைந்த விளக்கின் அடிப்பகுதி ஆகியவற்றைச் சுமந்து திரியும் நண்டுகளின் நிழற்படங்களைத் தொகுத்து ஆராய்ந்தோர், நிலத்தில் வாழும் 16 இனங்களுள் 10 இனங்கள் இவ்வாறு செயற்கைப் பொருளை வீடாகக் கொண்டிருப்பதை 2024-இல் கண்டனர். அதனினும் கொடியது வேறொன்று. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக் கடலின் ஹெண்டர்சன் தீவிலும் கரை ஒதுங்கிய குப்பையினுள் அகப்பட்டு ஏறத்தாழ 5,70,000 துறவி நண்டுகள் மடிந்திருக்கும் என்று 2019-இல் கணக்கிடப்பட்டது. சாய்ந்து கிடக்கும் புட்டியில் நுழைந்த நண்டு வழுக்கும் சுவரில் ஏற இயலாமல் உள்ளேயே இறக்கின்றது. இறந்த நண்டின் மணம் ஓர் ஓடு காலியாயிற்று என்னும் செய்தியாகப் பிற நண்டுகளை அழைக்கின்றது. அவையும் வந்து மடிகின்றன. பல கோடி ஆண்டுகள் அவ்வினத்தை வாழவைத்த அறிவே இங்கு அதற்கு எமனாகின்றது.

காப்பு முயற்சிகள் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001-இல் சங்கினம், சிப்பியினம் சிலவும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஆனால் அட்டவணையில் இடம்பெறும் ஓடுகள் அரியவை. சிறு நண்டு குடியேறும் சாதாரண ஊரியையும் நத்தை ஓட்டையும் காக்க வேண்டியது கரைக்குச் செல்லும் ஒவ்வொருவர் கையுமே.

முடிவுரை

துறவி என்று பெயர் பெற்ற இந்நண்டு வீட்டை ஒரு நாளும் துறப்பதில்லை. துறந்தால் அதற்கு உயிரில்லை. ஆயினும் எந்த வீட்டையும் அது தனதென்று இறுதிவரை வைத்துக்கொள்வதுமில்லை. பெற்றதில் வாழ்ந்து, இயன்ற அளவு அதனைச் செப்பம் செய்து, அடுத்து வருவதற்கு விட்டுச்செல்கின்றது. துறவு என்னும் சொல்லுக்கு இதுவும் ஒரு பொருளாகலாம்.

கவிஞர்க்கு இவ்வாழ்வு அயலானதன்று. வெண்பாவும் விருத்தமும் சிந்தும் இன்று எழுதுவோர் கட்டிய வீடுகள் அல்ல. என்றோ வாழ்ந்தவர் விட்டுச்சென்ற ஓடுகள் அவை. உள்ளே புகுந்தவர் ஒவ்வொருவரும் சிறிது குடைந்து இடம் விரித்ததனால்தான் இன்னும் அவற்றில் குடியிருக்க இயல்கின்றது. பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய மன்றமும் தன்னைவிடப் பழைய ஓட்டில் குடியிருக்கும் உயிரே. அடுத்து வருவோர்க்கு அதனை உடையாமல் விட்டுச்செல்வது அதன் கடன்.

அம்பத்தூர் வயலின் நண்டு வளைகள் அடைபட்டபோது கேட்க எவரும் இல்லை. கடற்கரையின் வளைகளைக் காக்க இன்னும் காலம் இருக்கின்றது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு கடற்கரைக்குச் செல்வோர், மணலில் கிடக்கும் அழகிய ஓட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். காதில் வைத்துக் கேட்கலாம். பின்னர் அதனை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரலாம். அதற்காக எங்கோ ஒரு நண்டு காத்திருக்கின்றது. அதன் பின்னே அளவு வரிசையில் இன்னும் சில காத்திருக்கின்றன.